டிவிக்கு அடியில் ஒரு பொத்தான்

நீலம். சுவரில் பாதி நீலம். அதற்குள் வெள்ளையாக இங்கிலீஷில் ரெண்டு சொல், ஒரு மூலையில் போய் முட்டி அடுத்த மூலைக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, சன்னல் சாத்தின அறைக்குள் மாட்டிக்கொண்ட தும்பி மாதிரி. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, ஜெயசீலன் சார் இதோடு ஆறாவது தடவை வாய்விட்டுப் படித்துவிட்டார். "நோ சிக்னல். மறுபடியும் நோ சிக்னல்." அவர் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துப் பொருளாளர். லேப்டாப் அவருடையது. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, மேசை ஓரத்தில் தொங்கி, தரையில் வளைந்து, சுவரில் ஏறி, டிவியின் முதுகுக்குள் போகிறது. வயர் நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. டிவிதான் வேறு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் வயரைச் சொருகினது ஒரு ஓட்டை, அது காத்துக்கொண்டிருப்பது இன்னொரு ஓட்டை. வாசலில் விருந்தாளி நிற்க, கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வரவில்லை வரவில்லை என்பதுபோல. ரிமோட்டில் அதை மாற்றுகிற பொத்தான் போன தீபாவளியோடு செத்துப்போனது, ரப்பர் தேய்ந்து குழி விழுந்து கிடக்கிறது. ஆனால் டிவிக்கு அடியில், வலது ஓரத்தில், கையை உள்ளே விட்டால் விரல் நுனியில் தட்டுப்படுகிற இடத்தில், பாசிப்பயறு அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. துடைக்கும்போது துணி அதில் பட்டால் திரையில் சின்னதாக ஒரு பட்டியல் இறங்கும். முதல் தடவை நான் டிவி உடைந்துவிட்டதென்று பதறிப்போனேன். பிறகு பழகிவிட்டது. இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரில் ஒருத்தருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாசல் ஓரமாக டீ கேனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால் அந்த லேப்டாப்புக்குள் நான் இருக்கிறேன். பத்து நாளைக்கு முந்தின வியாழக்கிழமை, நாலாம் மாடி, லிஃப்டுக்கு மேலே மாட்டியிருக்கிற கேமரா எடுத்த படம். கேமரா ஆள் வந்து அதைப் பென்டிரைவில் ஏற்றி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, செயலாளர் சம்பந்தம் சார் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இன்றைக்குத்தான், கொஞ்சம் முன்னால்தான், எல்லார் கண் முன்னாலும் கிழித்தார்கள். ஒருத்தர் தனியாகப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லக் கூடாது, பார்த்தால் எல்லாரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும், அது தீர்மானம். நாற்பத்திநாலாம் நம்பர் வீட்டுப் பிரமிளா மேடத்தின் செருப்பு காணாமல் போனது. அவர் காலில் ஆபரேஷன் ஆனதும் மகள் ஜெர்மனியிலிருந்து வாங்கி அனுப்பின செருப்பு. அன்றைக்குப் பத்தே முக்காலுக்கு வாசலில் கழற்றிவிட்டுப் போனாராம், ஒரு மணிக்குப் பார்த்தால் இல்லையாம். அந்த நேரத்தில் கேட்டில் ஆள் இல்லை. வாட்ச்மேன் தணிகாசலம் அண்ணன் அரைமணி நேரம் நாற்காலியில் இல்லை என்று ரெண்டு வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மோட்டார் நின்றுபோய்ப் பம்ப் ரூமில் இருந்தேன் சார் என்று அவர் சொன்னார். பம்ப் ரூமில் கேமரா இல்லை. முன்னே ஒரு சைக்கிள் பம்பு காணோம், அதற்கும் முன்னே யாரோ வீட்டுப் பால் பாக்கெட் காணோம், எல்லாம் சேர்ந்து வந்து அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. அவர் நாலாம் மாடிக்கு ஏறவே இல்லை என்று காட்டக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்தப் படம். அதே படம் என்னையும் காட்டும். இதில் எங்கே போய் முட்டிக்கொள்வது.

"கேபிளைக் கழட்டி மாட்டுங்க சார்." "அதைத்தான சார் அரைமணி நேரமா பண்றேன்." "ஊதிப் பாத்தீங்களா?" "இது என்ன சார் புல்லாங்குழலா, ஊதறதுக்கு?" பின்வரிசையில் சிரிப்பு. எனக்கும் உதடு அசைந்தது, பிடித்துக்கொண்டேன். சிரிக்கக்கூடாது என்றில்லை, சிரித்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் முகத்தில் ஏதாவது எழுதியிருக்குமோ என்னவோ. கையில் துணி இருக்கிறது, ஈரத்துணி, அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரிக்கிறேன். ஜெயசீலன் சார் வயரைக் கழற்றுகிறார். டிவிக்குள் ஒரு சின்ன 'டிக்'. மாட்டுகிறார், இன்னொரு 'டிக்'. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது, நாற்பது பேருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் காது அப்படி. லிஃப்டு எந்த மாடியில் மூச்சு வாங்குகிறதென்று மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவேன். யார் வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். சம்பந்தம் சார் செருப்பு தரையைத் தேய்த்துத் தேய்த்து வரும். ஜெயசீலன் சார் ஷூ ஒரு கால் கீச்சென்னும், ஒரு கால் சும்மா இருக்கும். சத்தம் வந்தால் வாளியை ஓரமாக இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றுவிடுவேன், கடந்து போனதும் விட்ட இடத்தில் தொடங்குவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். அந்த ஜெர்மன் செருப்புக்கு மட்டும் சத்தமே கிடையாது. பிரமிளா மேடம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "அஞ்சல, கொஞ்சம் வழி" என்றபோது வாளியைக் கவிழ்த்தேன் ஒரு நாள். பூனை மாதிரி வந்திருக்கிறார். அன்றைக்கே அந்தச் செருப்பு என் மனசுக்குள் ஏறிவிட்டது. மனுஷிக்கு இப்படியும் நடக்க முடியுமா, தரைக்குத் தெரியாமல்.

ஆசை என்று சொன்னால் அது தப்பான வார்த்தை. ஆசை என்றால் வேண்டும் என்று தோன்ற வேண்டும், எனக்கு வேண்டும் என்று தோன்றவில்லை. எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது. குதிகால் எனக்கு ஆறேழு மாசமாக இருக்க விடவில்லை, காலையில் முதல் அடி வைத்தால் ஆணியில் வைத்ததுபோல உச்சிவரைக்கும் போகும், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று நின்று வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நிற்காமல் இருங்கள் என்றும் சொன்னார்கள், அதற்கு நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வியாழக்கிழமை நாலாம் மாடி வராந்தாவைத் துடைக்க வந்தபோது வாசலில் அது கிடந்தது. மாப்பு போடுமுன் வெளியே கிடக்கிற செருப்பையெல்லாம் பொறுக்கி, அந்தந்த வீட்டு மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன், நனையக் கூடாதென்று. அதற்குத்தான் குனிந்தேன். சத்தியமாக அதற்குத்தான். கையில் எடுத்தேன், உள்ளே அடிப்பக்கம் பள்ளமும் மேடுமாக, ஒரு கால் அப்படியே படுத்துத் தூங்கின படுக்கை மாதிரி இருந்தது. யாரும் இல்லை. லிஃப்டு கீழே இருந்தது, சத்தத்தில் தெரிந்தது. காலை முந்தானையில் துடைத்தேன், பாதத்தையும் விரலிடுக்கையும், அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது, பிறகு போட்டுக்கொண்டேன். அம்மாடி. குதிகால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நாலடி நடந்தேன், சத்தம் இல்லை. இன்னும் நாலடி. வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து, மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிற சன்னலில் போய் நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். ரெண்டு நிமிஷம். கீழே யாரோ துணி உதறினார்கள். வலி இல்லாமல் ஒரு இடத்தில் நிற்பது எப்படி இருக்குமென்று மறந்தே போயிருந்தேன். அப்புறம் லிஃப்டு புறப்படுகிற சத்தம் கேட்டது. உயிர் பதறிக் கழற்றிக் கையில் எடுத்து, துடைத்து, ஓடி வந்து பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். லிஃப்டு இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான். அதுதான் நடந்தது. நான் வைத்தேன். வைத்ததை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் மேடம் கேட்டபோது நான் அதைச் சொல்லவில்லையே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒன்றரை மணி வாக்கில் மாடிப்படியில் வழிமறித்து, "அஞ்சல, வாசல்ல என் செருப்பு இருந்துச்சே, பாத்தியா?" என்று கேட்டார். எடுத்து உள்ளே வைத்தேம்மா என்று ஒரு வார்த்தை. தினமும் செய்கிற வேலை, தினமும் சொல்கிற வார்த்தை. வாயில் வந்தது வேற. "பாக்கலயேம்மா." ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போட்டுப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று தோன்றிவிட்டது. பார்க்கலை என்று சொன்னவள் பிறகு எப்படிப் பெட்டிக்குள் வைத்தேன் என்பாள்? சொன்னால் பொய் வெளியே வரும், பொய்க்குப் பின்னால் போட்டது வெளியே வரும், போட்டதுக்குப் பின்னால் எடுத்ததும் இவள்தான் என்று வரும். ஒரு நூலை இழுத்தால் புடவையே வரும். சரி, சும்மா இருப்போம், தேடினால் கிடைக்கும் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. சாயங்காலம் தணிகாசலம் அண்ணனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். மறுநாள் அவர் பையைத் திறக்கச் சொன்னார்கள். டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார், கடைபரப்புகிறவர் மாதிரி வரிசையாக. நான் பக்கத்தில் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பையைத் திற என்பது எனக்குப் பழைய சொல். பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் பதினோரு வருஷம் கொட்டை உடைத்தேன், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும். சாயங்காலம் வாசலில் ஒருத்தி நிற்பாள், வரிசையாகப் போக வேண்டும், இடுப்பைத் தடவுவாள், முந்தியை உதறச் சொல்வாள், கொண்டையை அவிழ் என்பாள், வாயைத் திற என்பாள். ஆ என்று திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். பதினோரு வருஷத்தில் ஒரு பருப்பு, ஒரு பாதிப் பருப்பு நான் எடுத்ததில்லை. பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஆசையாக இருந்தது, அப்போதும் எடுக்கவில்லை. யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், அது ஒன்றுதான் என்னிடம் இருந்த சொத்து. இப்போது அதை அந்த நீலத் திரை வாங்கிக்கொள்ளப்போகிறது. பதினோரு வருஷத்தை யார் படம் எடுத்தார்கள்? ரெண்டு நிமிஷத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். "லேப்டாப்பைத் திருப்பி வைங்க, அதுலயே பாத்துருவோம்" என்கிறார் ஒருத்தர். "முன்னாடி இருக்கிற பத்துப் பேரு பாப்பீங்க, பின்னாடி இருக்கிற நாங்க உங்க முதுகைப் பாக்கிறதா? தீர்மானம் என்ன? எல்லாரும் பாக்கணும்!" என்று இன்னொருத்தர் எழுந்தார். நல்ல மனுஷன். எனக்கு அவர் பேர்கூடத் தெரியாது, மூன்றாம் மாடி, வீட்டு வாசலில் துளசிச் செடி. அவர் வீட்டுப் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும். அடுத்த நிமிஷமே நினைத்தேன், இந்த வேண்டுதலை யாருக்கு எதிராக வேண்டுகிறேன்? அந்தத் தூண் ஓரத்தில் நிற்கிற மனுஷனுக்கு எதிராகத்தானே.

தணிகாசலம் அண்ணன் அங்கேதான் நிற்கிறார், டிவிக்கு நாலடி தள்ளித் தூணோரம். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. கர்ப்பக்கிரகத்தில் திரை போட்டிருக்கும்போது எப்போது விலக்குவார்கள் என்று பார்ப்போமே, அந்தப் பார்வை. ஜெயசீலன் சார் ஒவ்வொரு தடவை வயரை மாட்டும்போதும் அவர் கழுத்து கொஞ்சம் முன்னே வருகிறது, 'நோ சிக்னல்' வந்ததும் பின்னே போகிறது. சேரில் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நாலு வயசு கூட. பெண்சாதி இல்லை, ஊர் திருத்தணிப் பக்கம், மகள் வீட்டில் மருமகன் ஒத்துக்கொள்ளாததால் இங்கேயே கேட்டுக்குப் பக்கத்து அறையில் படுத்துக்கொள்கிறார். வேலை போனால் படுக்கையும் போகும். நான் தினமும் அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன், "சக்கர போட்டியா, இல்ல நெனச்சுக்கிட்டியா?" என்பார். பத்து நாளாகக் கேட்கவில்லை. போட்டதைக் குடிக்கிறார். நேற்றுச் சொன்னார், "நாளைக்குப் படம் போட்டுக் காட்டிருவாங்க அஞ்சல, அதோட விட்டுது சனியன்." நானும் "ஆமாண்ணா" என்றேன். ஆமாண்ணா என்றேன். என்ன வாய் இது.

சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் என்ன ஆகும்? சார், அந்தப் பொத்தானை அழுத்துங்கள். அவர்கள் அழுத்துவார்கள், படம் வரும், நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பேன், நாற்பது வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். நாளையிலிருந்து நான் வரும் சத்தம் கேட்டால் வாசலில் கிடக்கிறதையெல்லாம் உள்ளே எடுத்து வைப்பார்கள். வேலையை விட்டு நிற்கச் சொல்வார்கள். ஐம்பத்தெட்டு வயசில் யார் புதிதாக எடுப்பார்கள்? சரி, சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, நான் எதுவும் செய்யவே வேண்டாம், இப்படியே கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் போதும். சும்மா நிற்கிறது ஒரு பாவமா? சும்மாதானே நிற்கிறேன். எனக்குத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? தெரியாதவர்கள் நாற்பது பேர் சும்மா இருக்கிறார்கள், அவர்களோடு நானும் ஒரு ஆள். இப்படி நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது. அப்புறம் கண் தானாகத் தூணுக்குப் போகிறது, அவர் கழுத்து முன்னே வருகிறது, பின்னே போகிறது. மூச்சு நின்றுவிடுகிறது. ஒருவேளை டிவியே கெட்டுப்போயிருக்கலாம். ஒருவேளை பொத்தானும் செத்திருக்கலாம். நேற்றுத்தானே துடைத்தாய், பட்டியல் இறங்கினதே. இறங்கினது. ஒருவேளை கேமராவில் அன்றைக்கு நான் விழவே இல்லையோ என்னவோ. லிஃப்டுக்கு நேர் எதிரே நின்று போட்டாயேடி, விழாமல்.

சம்பந்தம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். செருப்பு தேய்கிற சத்தம், மேசை வரைக்கும். "மணி பன்னெண்டாகுது. எத்தனை நேரம் இப்படியே உக்காந்திருக்கிறது? படத்துல என்ன இருந்தா என்ன, கேட்ல ஆள் இல்லாதது உண்மைதானே? அதுக்கே நடவடிக்கை எடுக்கலாம். கை தூக்கிருவோம். வாட்ச்மேனை மாத்தி செக்யூரிட்டி கம்பெனி ஆளைப் போடறதுக்கு ஆதரவா இருக்கிறவங்க..." அப்போது தூண் பக்கத்திலிருந்து அந்தக் குரல். பெரிய சத்தம் இல்லை. "சார், கொஞ்சம் பொறுங்க சார். படம் வந்துரும் சார்." யாருக்கோ ரயில் தவறிவிடும் என்று கெஞ்சுகிற மாதிரி. "வரலையேப்பா. வந்தா பாக்க மாட்டோமா?" "வந்துரும் சார். எனக்காவ இன்னும் ஒரே ஒருவாட்டி மாட்டிப் பாருங்க சார்." ஜெயசீலன் சார் பாவம், வியர்த்துப்போய், வயரைக் கழற்றி இன்னொரு தடவை மாட்டினார். டிக். டிக். கழுத்து முன்னே வந்தது. நோ சிக்னல். கைகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன, நாற்காலி கிரீச்சிடுகிற சத்தம், வளையல் சரிகிற சத்தம், பிரமிளா மேடம் கை, துளசிச் செடிக்காரர் கை. அந்த மனுஷன் யாரையும் பார்க்கவில்லை. இன்னமும் நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் எப்போது நடந்தேன் என்று தெரியாது. கையில் துணி இருந்தது, அதனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை, துடைக்கிறவள் நடந்தால் யாரும் பார்ப்பதில்லை. கை தூக்கினவர்கள் நடுவில் குனிந்து புகுந்து, டிவிக்குக் கீழே போய், சுவரைத் துடைக்கிறவள்போல நின்றேன். வலது கையை அடியில் விட்டேன். தூசி இல்லை, நேற்றுத் துடைத்தது. பயறு தட்டுப்பட்டது. விரல் அதன்மேல் நின்றது. இப்போதும்கூட எடுத்துவிடலாம். "பதினாறு, பதினேழு" என்று சம்பந்தம் சார் கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அழுத்தினேன், பட்டியல் இறங்கியது. ரெண்டாவது அழுத்து, ஒரு வரி. மூன்றாவது, இன்னொரு வரி. விட்டுவிட்டேன். விட்டால் நின்ற இடத்தில் தானாக உட்கார்ந்துகொள்ளும். திரை ஒரு நொடி கறுத்தது, பளீரென்று வெளிச்சம் முகத்தில் அடித்தது. "ஏய், வந்துருச்சு!" "வந்துருச்சு சார், வந்துருச்சு!" கைதட்டினார்கள். தூக்கின கைகளெல்லாம் தட்டுகிற கைகளாகிவிட்டன. ஜெயசீலன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, லூஸ் கான்டாக்ட். கொஞ்சம் அழுத்தி மாட்டினேன், அவ்வளவுதான்" என்றார்.

நாலாம் மாடி வராந்தா, மேலேயிருந்து. மூலையில் மணி ஓடுகிறது, எண் எனக்குத் தெரியும். வேகமாக விட்டார்கள். பிரமிளா மேடம் எறும்பு மாதிரி வந்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். பார்சல் கொண்டுவந்தவன் ஒருத்தன் வந்து, பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனான், செருப்பு அங்கேயே கிடந்தது. அப்புறம் வாளியோடு ஒரு கிழவி. உச்சந்தலையில் முடியே இல்லை, வெள்ளையாகத் தெரிகிறது. யாரிது என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். "மெதுவா விடுங்க, மெதுவா விடுங்க." கிழவி குனிகிறாள். எடுக்கிறாள். காலைத் துடைக்கிறாள். "அது நம்ம அஞ்சலைல்ல?" "போட்டுக்கிட்டாளா? போட்டுக்கிட்டாள்யா!" ஒருத்தர் சிரித்தார். "என் செருப்பு!" என்று பிரமிளா மேடம் எழுந்துவிட்டார். நான் டிவிக்குக் கீழேயே திரும்பி நின்றேன். "நான்தாம்மா. போட்டுப் பாத்தேன்." திரையில் கிழவி நடக்கிறாள். தடுமாறி நடப்பாளென்று நினைத்தேன், இல்லை, கைவீசி நடக்கிறாள், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. நடந்து அந்தக் கோடிக்குப் போய்ப் படத்தை விட்டே போய்விட்டாள். வெறும் வராந்தா. "போயிட்டாளே!" "அப்படியே தூக்கிட்டுப் போயிட்டா சார்." "இருங்க சார்" என்றேன், "வருவேன். திரும்பி வருவேன்." மூலையில் மணி ஓடுகிறது. ஒரு நிமிஷம். மூன்று. மறுபடி வேகமாக விட்டார்கள். நான் ரெண்டு நிமிஷம்தானே நின்றேன். ஆறு. எட்டு. "எங்க வர்ற?" "வருவேன் சார்." எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சன்னலில் இத்தனை நேரமா நின்றாய், பாவி.

பதினோரு நிமிஷம் கழித்து வந்தாள். வெறுங்கால், செருப்பு நெஞ்சோடு. ஓட்டமும் நடையுமாக, லிஃப்டையே பார்த்துக்கொண்டு, கையால் தடவிப் பெட்டிக் கதவைத் திறந்து, உள்ளே திணித்து, மூடிவிட்டாள். "பாத்தீங்களாம்மா, வச்சுட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். லிஃப்டிலிருந்து வந்தால் மேடம் வீட்டுப் பெட்டி வலது கைப்பக்கம். நான் தினமும் லிஃப்டிலிருந்துதான் வருவேன், வலது கை போகிற இடத்தில் அது இருக்கும், நம்பரை எங்கே பார்த்தேன். அன்றைக்கு மட்டும் சன்னல் பக்கமிருந்து ஓடி வந்திருக்கிறேன். வலது கை வலது பக்கம்தான் போயிருக்கிறது. "சார், நிறுத்துங்க சார். அது மேடம் வீட்டுப் பெட்டி இல்ல. எதிர் வீடு. நாப்பத்திமூணு." நாற்பத்திமூன்றாம் நம்பர் பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் பூனாவுக்கு மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாசம். அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் வேலையில்லை. பத்து நாளாக அதற்கு முன்னால்தான் மாப்பு போட்டிருக்கிறேன். துளசிச் செடிக்காரர் மேலே ஓடினார். கையில் செருப்போடு வந்தார், மேடம் அதை ரெண்டு விரலால் வாங்கினார். "அன்னைக்குக் கேட்டப்ப பாக்கலன்னு சொன்னியே அஞ்சல." "பயம்மா." "எதுக்குப் பயம்? கேட்டிருந்தா நானே போட்டுப் பாருன்னு குடுத்திருப்பேன்ல?" என்றார். கொடுத்திருப்பாரோ என்னவோ. சம்பந்தம் சார் தொண்டையைச் செருமினார். "சரி, தணிகாசலம் விஷயம் முடிஞ்சுது. அவர் மேல தப்பில்ல. அஞ்சலை விஷயத்தைக் கமிட்டில தனியா பேசிக்கலாம். அடுத்தது, தண்ணித் தொட்டி."

தண்ணித் தொட்டியைப் பேசுகிறார்கள். படத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள், சத்தமில்லாமல் வெறும் வராந்தா ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டீ கேனுக்குத் திரும்பி வந்துவிட்டேன், கால் இடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு தணிகாசலம் அண்ணன் வாசலுக்கு வருகிறார். ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், ஒரு அறை விட்டால்கூடத் தேவலை, செருப்பைப் போட்டாய், பொய் சொன்னாய், பத்து நாளாக என் கையில் டீயைக் கொடுத்துக்கொண்டு எதிரே நின்றாய் என்று. அவர் டம்ளரை வாங்கவில்லை. டிவியைத் திரும்பிப் பார்த்தார், அதன் அடியை, வலது ஓரத்தை. அவர் நின்ற தூணிலிருந்து பார்த்தால் என் கை போனது நேராகத் தெரிந்திருக்கும். தேடாமல் போன கை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பட்டன் அங்க இருக்குதுன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா அஞ்சல?"

வெளியே கேட்டில் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள், ஒரு தடவை, ரெண்டு தடவை. தெரியாதுண்ணா என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, பழகின நாக்கு. விழுங்கினேன்.

"தெரியும்ணா."

அவர் தலையாட்டினார். "அப்ப சரி" என்றார். கேட்டைத் திறக்கப் போனார்.